மஞ்சள் அட்டை

ஜெல் சில்லென்றிருந்தது.
விலா எலும்புகளுக்கு இடையில் கருவியை அழுத்தி
மூச்சைப் பிடிக்கச் சொன்னாள் ரோவேனா.
திரையில் சாம்பல் நிறத்தில்
ஏதோ ஒன்று கைதட்டிக்கொண்டிருந்தது.
ஒலியைக் கூட்டினாள்.
விசில் பாதி, இரைச்சல் பாதி.
எனக்குத் தெரிந்த சத்தம்தான்:
பாதி மூடிய வால்வுகளில்
பத்தொன்பது வருஷமாய்க் காது வைத்தவன் நான்.

"இடுக்கில் வேகம் எவ்வளவு?" என்றேன்.
டாக்டர் எல்ஃபாதில் கண்ணாடியை மேலேற்றிப் பார்த்தார்.
மற்றவர்கள் அவரிடம் கேட்பது
சாவேனா, சோறு சாப்பிடலாமா, ஊருக்கு அனுப்பிவிடுவார்களா.
"விநாடிக்கு மூன்றரை மீட்டருக்குச் சற்றுக் கீழே."
"பிரஷர் டிராப்?"
"சராசரி இருபத்தெட்டு."
"திறப்பு?"
"ஒன்று புள்ளி இரண்டு சதுர சென்டிமீட்டர்."
சுண்டுவிரல் நகத்தளவு.
அதன் வழியாகத்தான் இந்த உடம்பு முழுக்கத்
தண்ணீர் போகிறது.
ரத்தம் என்று சொல்ல வேண்டும்.

மூன்று இதழ் இருக்கவேண்டிய இடத்தில்
எனக்குப் பிறவியிலேயே இரண்டுதானாம்.
தயாரிப்புக் கோளாறு.
ஐம்பத்திரண்டு வருஷம் ஓடியிருக்கிறது, குறை சொல்ல முடியாது.
இரண்டிலும் சுண்ணாம்பு.

சுண்ணாம்பைப் பற்றி எனக்கா?
கடலை நன்னீராக்கும் ஆலையில்
குழாய்க்குள் படிகிற வெள்ளையை
ஆசிட் விட்டுக் கழுவுவதுதானே பிழைப்பு.
"அப்படி ஒரு கழுவல்...?"
"கரைக்கிற மருந்து இன்னும் வரவில்லை.
பிரஷர் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பல்லைக் கவனியுங்கள்.
வருஷம் ஒருமுறை எக்கோ.
நடக்கலாம். தம் கட்டிப் பாரம் தூக்காதீர்கள்.
நெஞ்சு இறுகினால், கண் இருட்டினால்,
மூச்சு வாங்கினால்
அடுத்த வருஷத்துக்குக் காத்திராமல் வாருங்கள்."

மூச்சு வாங்கினால்.
ஆகஸ்டில், ஜுபைலில்,
காற்றைப் பிழிந்தால் வாளி நிறைகிற நாளில்
யாருக்கு வாங்காது டாக்டர்?

சிரித்தார். அதற்காகவே டிரெட்மில்லில் ஏற்றினார்.
ஏசி அறையில், மார்பெல்லாம் ஒயர் ஒட்டி,
ஒன்பது நிமிடம் எங்கும் போகாமல் நடந்தேன்.
தலை சுற்றவில்லை.
"நடுத்தரம். இப்போதைக்கு மாற்ற வேண்டாம்."

ஆலையில் இதற்கு மஞ்சள் அட்டை.
சிவப்பென்றால் நிறுத்திக் கழற்றுவோம்.
பச்சையென்றால் மறந்துவிடுவோம்.
மஞ்சளைத்தான் ஒவ்வொரு ஷிஃப்டும்
நின்று தொட்டுப் பார்க்கிறோம்.

ஒபைதிடம் சொல்ல நான்கு நாளானது.
இக்காமா புதுப்பிக்க ஏழு மாதம் இருந்தது.
பேப்பரை இரண்டு தடவை படித்தான்.
பெரிய சக்கர வால்வுகளைக் கேசர் தாமிக்கு மாற்றிவிட்டு
மீட்டர் பார்க்கும் நோட்டை என்னிடம் நீட்டினான்.
சம்பளம் பற்றி அவன் பேசவில்லை.
நானும் கேட்கவில்லை.

தள்ளிப்போட்டது ஒன்றைத்தான்:
பெற்ற பிள்ளைக்கும் ஒரு எக்கோ பாருங்கள் என்று
கதவுவரை வந்து டாக்டர் சொன்னதை.
இசைவாணி பாளையங்கோட்டையில்
கல்லூரிக் கூடைப்பந்து அணியில் ஆடுகிறாள்.
"எனக்கெதுக்குப்பா?"
இதழ், சுண்ணாம்பு, மஞ்சள் அட்டை
எல்லாம் சொல்லிப் பார்த்தேன்.
போறேன் என்றாள்,
ஃபோனை வைக்கத்தான் சொன்னாளோ என்னவோ.

இன்று இரண்டாவது டேங்கின் சுற்றுப்படி,
மூன்றாம் திருப்பம், நாற்பத்து நாலு டிகிரி.
பையில் ஃபோன் அதிர்ந்தது.
ஒரே வார்த்தை.
"மூணு."

கம்பியைப் பிடித்து நின்றேன்.
மூச்சு வாங்கியது.
டாக்டர் வைத்துக்கொள்ளச் சொன்ன நோட்டில்
தேதி, நேரம், எத்தனை படி, எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
என்னத்தை எழுத?
கீழிருந்து கேசர் கையை விரித்தான், என்னாச்சு என்று.
மீட்டரைப் பார்த்து
ரீடிங்கைக் கத்தினேன்.